இருபத்தேழாம் வாரம்

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு, எட்டு மணி.
நீலத் தார்ப்பாயில்
மூடியில்லாத ரைஸ் குக்கருக்கும் ஒற்றைச் சப்பாத்துகளுக்கும் நடுவே
பூன் ஹுவாட் பிஸ்கட் டின்னைத் திறந்து வைக்கிறான்.
உள்ளே நாற்பது பிராசசர்கள்,
மல்லாந்த வண்டுகளாய்
தங்கக் கால்களைக் காட்டிக்கொண்டு.

"ஒரிஜினல் லா, அக்கா."
அவனுக்குத் தெரிந்த தமிழ் அந்த அக்கா மட்டும்தான்.
கேட்பதற்கு முன்பே ஒரிஜினல் என்கிற வாய்மேல்
எனக்கு எப்போதும் ஒரு கண்.

ஒன்றை எடுக்கிறேன். நானூற்று எண்பத்தாறு.
அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ் என்கிறது நெற்றி.
கீழே சின்ன எழுத்தில் மலேசியா.
விலை நூற்றிருபது வெள்ளி.

முப்பது வருஷத்துக்கு இவ்வளவு கறுப்பு ஆகாது.
பெண் பார்க்க வந்த இடத்தில்
மீசைக்கு மை அடித்து உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி இருக்கிறது.
அசல் பீங்கானுக்கு ஒரு சாம்பல் ஊதா உண்டு,
நாவற்பழம் தின்ற நாக்கு காய்ந்தால் வருமே, அது.

வெயிலுக்குச் சாய்க்கிறேன்.
உப்புத்தாள் கோடுகள் ஒரே பக்கமாக ஓடி
பாதியில் நின்றுவிடுகின்றன.
சோம்பேறி. தேய்த்து முடிக்காமலே பூச்சை அடித்திருக்கிறான்.
முதல் காலைக் காட்டும் மூலைப் புள்ளி
மையில் முக்கால்வாசி மூழ்கிவிட்டது.
திருப்பினால்,
முதுகு ஒரு எண் சொல்கிறது, வயிறு வேறு சொல்கிறது.
வயிற்றை எவனும் நினைப்பதில்லை.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம்.
எனக்கு உறைத்தது தேதி.
இருபத்தேழாம் வாரம்.

அந்த வாரம் பாயான் லெப்பாசில்
எங்கள் வரிசையின் அச்சு மெஷின் பெல்ட் அறுந்துபோய்
சிங்கப்பூரிலிருந்து சாமான் வரக் காத்திருந்தோம்.
ஆளுக்கொரு துணி கொடுத்துக் கண்ணாடி துடைக்கச் சொன்னார்கள்.
நொராய்னியும் கமலவேணியும் நானும்
கழித்துப் போட்ட சில்லுகளை வைத்து
ஓய்வறைத் தரையில் அஞ்சாங்கல் ஆடினோம்.
ஆறு நாள். ஒரு சில்லுக்கும் பெயர் விழவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் ஓடியிருக்குமோ?
இருபத்தெட்டாம் வாரமாகவும் இருக்கலாம்.
நினைவின்மேலும் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கலாம்.

என் அடையாள அட்டையில் விசாலெட்சுமி என்றிருக்கிறது.
அப்பா சொன்னது விசாலாட்சி.
குமாஸ்தாவின் காதில் எது விழுந்ததோ.
அந்தப் பெயருக்குத்தான் சம்பளம் வந்தது,
அந்தப் பெயர்தான் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்டது.
இப்போது யாராவது சரியாகக் கூப்பிட்டால்
திரும்ப ஒரு வினாடி ஆகிறது.

கைப்பையில் எப்போதும் இருக்கும்
அசிட்டோன் புட்டியும் காது குடையும் பஞ்சுக் குச்சியும்.
"தொட்டுப் பார்க்கட்டுமா?"
பூன் ஹுவாட் கோப்பி ஓ உறிஞ்சியபடி
வேறெங்கோ பார்க்கிறான்.

மூன்றாம் தேய்ப்பில் சாயம் வெளுத்தது.
பஞ்சு கரியாக, அறுபத்தாறு கரைந்து,
அடியில் தேய்ந்தும் தேயாமலும் ஒரு ஐம்பது.
அதன் கீழே வாரம் முப்பத்தொன்று.

முப்பத்தொன்றில் நான் இரவு ஷிப்டு.
நான் என்று சொல்லவில்லை.
எங்கள் வரிசையில் பதினோரு பேர்.

"ஐம்பதும் ஓடும் லா," என்றான், வெட்கமே இல்லாமல்.
பதினைந்து வெள்ளிக்குக் கொடுத்தான்.

சுங்கை டுவாவில், அடுக்குமாடி ஏழாம் தளத்தில்,
பலகையில் பொருத்தி
ஜம்பரை வேண்டுமென்றே அறுபத்தாறில் வைத்தேன்.
பொய் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க.
மெமரியை எண்ணியது. முழுக்க எண்ணியது.
நான் சோறு வடித்தேன், மழை வந்தது,
துணி எடுத்தேன், மழை நின்றது.

மணி பதினொன்று. இன்னும் ஓடுகிறது.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
மேசை ஃபேனைக் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்தேன்.